முதலில் அரிசியா, முதலில் பூட்டா?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்த ஊரடங்கு நள்ளிரவிலேயே நடப்புக்கு வந்தது. 21 நாள்களுக்கு ஆயத்தமாக நான்கு மணி நேரம்! மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமப்பவர், அன்றாடக் கூலியைக் கொண்டு மூன்று வார அரிசியை எவ்வாறு வாங்குவார்? மாதச் சம்பளக்காரர் வாங்கிக் குவித்தால் அது முன்னெச்சரிக்கை. கூலியாள் கடைவாசலில் நின்றால் அது கூட்டம். சொல்லிலேயே வர்க்கம் ஒளிந்திருக்கிறது.

கேரள அரசு மார்ச் 19இல் 20,000 கோடி ரூபாய் நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. 23இல் மாநில முடக்கத்தை அறிவித்தது. ஒன்றிய அரசோ முதலில் முடக்கியது. 26இல்தான் நிவாரணம் பேசியது. குறைகள் இரண்டிலும் உண்டு, வரிசை ஒன்றல்ல. இதை வெறும் நிர்வாகத் தவறு என்று எழுதுவது பிழை. யாருடைய பசி காத்திருக்கலாம் என்ற அரசியல் முடிவு இது.