எவரும் கொடுக்காத விலை

எண்கள் பொய்யுரைப்பதில்லை என்பது கற்றோர் நடுவே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. ஆனால் எண்கள் தாமாகப் பேசுவதுமில்லை. அவற்றைப் பேசவைப்பவர் ஒருவர் எப்பொழுதும் இருக்கின்றார். கூட்டலிடை, இடையம், ஆகாரம் ஆகிய மூன்றையும் பரீட்சைக்குரிய சூத்திரங்களாக மட்டும் மனனஞ் செய்விக்கும் கல்வி, அவரைக் காணும் கண்ணை மாணவனுக்கு அளிப்பதில்லை.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் விலைகளை நோக்கின் இது தெளிவாகும். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை, மாத இறுதி நிலவரப்படி, ஜனவரியிலும் பெப்ரவரியிலும் 177 ரூபா, மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூனில் 470, ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை 450, ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை 370. இப்பன்னிரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் கூட்டலிடை 358 ரூபா. ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்கும் ஆறாம், ஏழாம் பெறுமானங்கள் இரண்டும் 370. எனவே இடையம் 370. ஆகாரமோ ஒன்றன்று, இரண்டு: 370உம் 450உம் மும்முறை வருகின்றன.

"ஆண்டின் சராசரி விலை 358 ரூபா" என எழுதுவோர் கணக்கிற் பிழைவிடவில்லை. ஆயினும் அவ்வாண்டின் எந்த நாளிலும் கூட்டுத்தாபனம் அவ்விலையை நிர்ணயித்ததில்லை. நான்கு மாதங்களுக்குள் 177 ரூபா 470 ஆகிய கொடுமையை அவ்வெண் விழுங்கி ஏப்பம் விடுகின்றது. அதுமட்டுமன்று. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்திருந்தது. ஆகவே ஜூன் இறுதியின் 470 ரூபா, பணம் வைத்திருந்த பொதுமகனுக்கும் பெற்றோலைப் பெற்றுத்தராத விலையாகும். கிடைத்த பண்டத்தின் விலைக்கும் கிடைக்காத பண்டத்தின் விலைக்கும் சமநிறை கொடுத்துப் பெறும் சராசரி யாருடைய வாழ்வை அளக்கின்றது?

இவ்விடத்தில், "அதனாற்றான் இடையமே நேர்மையான அளவை" என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதம் மண்ணெண்ணெயின் முன் தகர்ந்துபோகின்றது. அவ்வாண்டு ஜனவரியிலிருந்து ஜூலை வரை லீற்றர் 87 ரூபாவுக்கு விற்கப்பட்ட மண்ணெண்ணெய், ஓகஸ்ட் 22ஆம் திகதி 340 ரூபாவாக உயர்ந்தது. ஆண்டு முடியும்வரை அதற்குக் கீழே இறங்கவில்லை. ஏழு மாதங்கள் 87 ஆக இருந்தமையால் இடையமும் 87, ஆகாரமும் 87! அடுப்பெரிக்கவும் விளக்கேற்றவும் அதனை நம்பிய ஏழைக்கும், சிறு படகின் இயந்திரத்துக்கு அதனை ஊற்றிய மீனவனுக்கும், விலை ஏறவே இல்லை என்று இவ்விரு அளவைகளும் சாதிக்கின்றன. பெற்றோலில் உண்மையை மறைத்த கூட்டலிடையே இங்கு 190 ரூபாவைக் கடந்து நின்று, நேர்ந்த மாற்றத்தை ஓரளவேனும் காட்டிக்கொடுக்கின்றது.

எனவே ஓர் அளவை இயல்பிலேயே நேர்மையானது, மற்றொன்று வஞ்சகமானது என்பது பேதைமை. மூன்றுமே விலைகளின் கால ஒழுங்கை மறந்துவிடுகின்றன. ஏறிய விலையும் இறங்கிய விலையும் அவற்றுக்கு ஒன்றே. எதனை அறிய விரும்புகின்றோம் என்ற வினா முதலிலும், அதற்கேற்ற அளவை அதன் பின்னரும் வரவேண்டும். தனக்கு உவப்பான எண்ணை முதலில் தெரிந்தெடுத்து, அதற்கேற்ப அளவையைத் தேடுபவர் புள்ளிவிபரவியலாளர் அல்லர், வழக்குரைப்பவர்.

கலைப்பீட மாணவன் இச்சூத்திரங்களை அஞ்சி ஒதுங்குவதும், அறிவியல் மாணவன் அவற்றை வினாவின்றி ஏற்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு முகங்கள். "சராசரி" என்ற சொல் செவியில் விழும்போதெல்லாம், எந்தச் சராசரி, எவற்றின் சராசரி, எவருக்கான சராசரி எனக் கேட்கத் துணியாத பட்டதாரி, எண்ணத் தெரிந்தவனேயன்றி எண்ணிப்பார்க்கத் தெரிந்தவன் அல்லன்.