படியளக்கும் ரசிகர்கள்

சினிமாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கணக்குப்பிள்ளைகளின் விவகாரமென்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால், ஒரு படத்தில் எது சொல்லப்படலாம், எது சொல்லப்படலாகாது என்பதைக் கதாசிரியன் பேனாவைத் திறப்பதற்கு முன்பே தீர்மானித்துவிடுவது அந்தப் பணந்தான். ஆகையால், முதலாளியையும் வட்டிக்காரரையும் விலக்கிவிட்டு, படம் பார்க்கப்போகிறவர்களிடமே மூலதனம் திரட்டத் துணிகிறவர்கள் எந்த தேசத்தில் தோன்றினாலும் அவர்களை ஊன்றிக் கவனிப்பது அவசியமென்று கருதுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில், பிரோவோ நகரில், ஹார்மன் சகோதரர்கள் நடத்திவரும் ஏஞ்சல் ஸ்டுடியோஸ் என்ற ஸ்தாபனத்தின் சரித்திரம் ஒரு தோல்வியில் ஆரம்பமாகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கிற குடும்பங்களுக்காக, பிறர் எடுத்த படங்களிலிருந்து ஆபாசத்தையும் வன்முறையையும் வசைமொழியையும் வடிகட்டிக் காட்டும் ‘விட்ஏஞ்சல்’ என்னும் சேவையை அவர்கள் முதலில் நடத்தினார்கள். டிஸ்னி, வார்னர் பிரதர்ஸ் முதலிய பெருங் கம்பெனிகள் 2016-இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தன. மறு வருஷமே விட்ஏஞ்சல் திவால் சட்டத்தின் நிழலில் ஒதுங்க நேர்ந்தது. 2019-இல் ஜூரிகள் விதித்த நஷ்டஈடு 6 கோடியே 24 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு ஏற்பட்ட சமரசத்தில் அது 99 லட்சமாகக் குறைந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அவர்கள் சொந்தமாகப் படைப்புகளை வெளியிடும் மார்க்கத்தைப் பற்றிக்கொண்டார்கள். செல்வந்தரல்லாத சாமானியரும் சிறு முயற்சிகளில் பங்கு வாங்கலாமென்று 2012-ஆம் வருஷத்து ஜாப்ஸ் சட்டம் வழி திறந்திருந்தது. ஏசுநாதரின் சரிதத்தைக் கூறும் ‘தி சோஸன்’ தொடருக்கு அந்த வழியே 16,000-க்கும் மேற்பட்டோர் 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

வடிகட்டும் தொழிலை 2021-இல் விற்றுவிட்டுப் புதுப்பெயர் பூண்ட அந்த ஸ்தாபனத்தை உலகமறியச் செய்தது, 2023 ஜூலை 4-ஆம் தேதி வெளியான ‘சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்’. ஃபாக்ஸ் கம்பெனியை டிஸ்னி வாங்கியபோது வெளிவராமல் முடங்கிப்போன படம் அது. அதை வெளிக்கொணர்வதற்குச் சுமார் 7,000 பேர் 50 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அமெரிக்கக் கொட்டகைகளில் மட்டும் அது 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் கதையைப்பற்றி எவ்வளவோ தர்க்கங்கள் நிகழ்ந்தன. அவற்றுக்குள் நான் புகவில்லை. பெரிய கம்பெனியொன்றின் அலமாரியில் தூங்கிய ஒரு படத்தை ஊர் பேர் தெரியாத ஏழாயிரம் பேர் எழுப்பிவிட முடிந்தது என்ற ஒரு விஷயமே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஆயினும் அவர்களுடைய ஏற்பாட்டில் ஓர் அம்சம் என் மனத்தை உறுத்துகிறது. சந்தா செலுத்தும் அங்கத்தினர்களைக்கொண்ட ‘கில்டு’ ஒன்று அங்கே இருக்கிறது. எந்தப் படைப்பை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை, மாதிரிக் காட்சிகளைப் பார்த்து வாக்களித்து அந்தச் சபையே நிர்ணயிக்கிறது. வியாபார நோக்கில் இது மிகவும் புத்திசாலித்தனமான யோசனை. வாக்களித்தவரே டிக்கெட்டும் வாங்குவாராதலால் நஷ்டபயம் பெரிதும் குறைகிறது. ஆனால், வாக்களிப்பவர் தமக்கு ஏற்கெனவே பழகிய ருசிக்குத்தான் வாக்களிப்பார். தம்மைச் சங்கடப்படுத்தக்கூடிய ஒரு கதைக்கு, அதைக் காணுமுன்பே கைதூக்குகிற மனிதர் அபூர்வம். முதலாளியின் கெடுபிடியிலிருந்து தப்பிய கலைஞன் ரசிகரின் கெடுபிடிக்குள் அகப்பட்டால் அவனுக்குக் கிடைத்த சுதந்திரந்தான் என்ன?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் குஜராத்தின் பால்காரக் குடியானவர்களே என் நினைவுக்கு வருகிறார்கள். 1976-இல் சியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்கு, கூட்டுறவுப் பால் சங்கங்களைச் சேர்ந்த 5 லட்சம் பேர், அச்சங்கங்களை வழிநடத்திய வர்கீஸ் குரியனின் யோசனைப்படி, ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். ஆக மொத்தம் 10 லட்சம். அவர்கள் திரைக்கதைக்கு வாக்களிக்கவில்லை. தங்கள் சங்கத்தின்மீது வைத்திருந்த விசுவாசத்தை அந்தப் படத்தின்மீதும் வைத்தார்கள். அவ்வாறு எடுக்கப்பட்ட படம் அவர்களுக்கு முகஸ்துதி பாடிற்றா? இல்லை. பால் அளக்கும் வரிசையிலேயே ஜாதி நிற்பதையும், சங்கத் தேர்தலில் தோற்ற ஊர்த்தலைவர் தாழ்த்தப்பட்டோரின் வெற்றியைப் பொறுக்கமாட்டாமல் புழுங்குவதையும், ஊருக்கு நன்மை செய்ய வந்த டாக்டர் ராவ் அவதூறுக்கு ஆளாகி ஊரைவிட்டே போக நேர்வதையும் அது ஒளிக்காமல் காட்டியது. அப்படியிருந்தும் அந்தக் குடியானவர்கள் லாரி லாரியாக வந்து, தங்கள் படமென்ற பாத்தியதையோடு அதைப் பார்த்தார்கள். காசு கொடுத்தவனுக்கு அவன் கேட்கும் இதமான வார்த்தையைச் சொல்வது எளிது; உண்மையைச் சொல்லிவிட்டு அவனுடைய பிரியத்தையும் பெறுவது அரிது. அந்த அரிய காரியம் நம் தேசத்துக் கிராமங்களில் நடந்திருக்கிறது.

இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் சில்லறையாக வசூலித்து, ‘அம்ம அறியான்’ படத்தை 1986-இல் முடித்தார். லாபத்தில் பங்கென்று எவருக்கும் வாக்களிக்காத சுத்தமான பிட்சை அது. மறு வருஷம் ஜான் அகால மரணமடைந்தார்; அந்த முறையில் இன்னொரு கதைப்படம் எடுக்கும் வலு அந்த இயக்கத்துக்கு இல்லாதுபோயிற்று. ஹார்மன் சகோதரர்களின் முயற்சிக்கு நான் மரியாதை செலுத்துவது இந்த இடத்தில்தான். ஒரு மேதையின் மூச்சை நம்பியிராமல், சட்டமும் கணக்கும் சந்தாவுமாக, ஆட்கள் மாறினாலும் நிற்கக்கூடிய அமைப்பொன்றை அவர்கள் கட்டியிருக்கிறார்கள். தகராறு மூண்டு, மத்தியஸ்தரின் தீர்ப்பின்படி 2024-இல் ‘தி சோஸன்’ விலகிச் சென்றபோதும் அந்த அமைப்பு சாய்ந்துவிடவில்லை.

2025 செப்டம்பரில் அந்த ஸ்தாபனத்தின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறிவிட்டன. படங்களின்மீதுள்ள பிரியத்தால் முன்பே ஸ்தாபனத்தின் பங்கை வாங்கிய ரசிகரும், விலையேற்றத்தை மாத்திரம் உத்தேசித்துப் பங்கு வாங்கியவரும் இனி ஒரே பேரேட்டில் சொந்தக்காரர்கள். இவ்விருவரில் யார் குரலுக்கு ஸ்டுடியோ செவிசாய்க்கும் என்பது அடுத்த சில படங்களில் தெரிந்துவிடும். ‘மந்தன்’ படமோ, 48 வருஷங்களுக்குப் பின், புதுப்பிக்கப்பட்ட பிரதியாக, 2024-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தயாரிப்பாளர் என்ற ஸ்தானத்தில் அங்கேயும் குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகளே இருந்தார்கள்.