பட்டாளத்துக்காரர் மனைவி

பட்டாளத்துக்காரரின் மனைவி விவாகரத்துக் கேட்கலாமா என்ற கேள்வியை நம்மவர்கள் கேட்கிற தோரணையிலேயே பதிலும் அடங்கிவிடுகிறது. எல்லையில் ஒருவர் பனியில் நிற்கிறார். இவள் இங்கே கோர்ட்டுப் படி ஏறுகிறாள். நன்றாகவா இருக்கிறது என்கிறார்கள். தேசபக்தி உயர்ந்த விஷயந்தான். ஆனால் அதை ஒரு பெண்ணின் வாயில் அடைக்கும் துணியாக உபயோகிப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

எல்லையில் நிற்பவருக்குச் சட்டம் தருகிற பாதுகாப்பை நான் குறை கூறவில்லை. யுத்த நிலைமையிலோ அதற்கொப்பான விசேஷ நிலைமையிலோ சேவை செய்கிறவர் ஆஜராக முடியாதபோது, வழக்கை ஒத்திவைப்பதற்கென்றே 1925-இல் ஒரு சட்டம் செய்தார்கள். நியாயமான சட்டம். துப்பாக்கி பிடித்த கையில் சம்மனைத் திணித்துவிட்டு, அவர் இல்லாமலே தீர்ப்பெழுதுவது அக்கிரமம். ஆனால் அந்தச் சலுகை போர்முனைக்கு உரியது. கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில் சௌக்கியமாக இருந்துகொண்டு, மனைவியின் கடிதத்துக்கு வருஷக் கணக்காகப் பதில் போடாத மனிதருக்கு அது எப்படிப் பொருந்தும்? யூனிபாரத்தைப் பார்த்ததும் நமக்கு இந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கல்யாணம் நடந்தது நாகர்கோவிலில். இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்தது ஜபல்பூரில். அவர் இப்போது இருப்பது உதம்பூரில். அவள் ஒண்டியிருப்பது சென்னையில், தமையன் வீட்டில். 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டப்படி அவள் மனுப் போடக்கூடிய ஊர்கள் முதல் மூன்றுமே. தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரும் உரிமை மனைவிக்கு 2003-இல் செய்த திருத்தத்தில்தான் வந்தது. 48 வருஷம் ஆயிற்று, ரயில் சார்ஜும் துணைக்கு ஆளும் இல்லாத பெண் ஒருத்தி இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்ற!

சரி, சென்னையிலே மனுப் போட்டாயிற்று. வழக்கை வேறு மாகாணத்துக்கு மாற்றும்படி அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். போகட்டும்; அவருக்கும் லீவு கிடைக்க வேண்டுமே! இந்தத் தூரத்தால் அவதிப்படுகிற சிப்பாய்களும் உண்டு. இருவரையும் அலைக்கழிக்காமல் வீடியோ மூலம் விசாரிக்கலாம் என்று 2017 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில், மூன்று நீதிபதிகளில் இருவர் அதை மாற்றினார்கள்: சமரசப் பேச்சு முறிந்த பிறகு, இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே குடும்பநல நீதிமன்றம் அதை யோசிக்கலாமாம். குடும்ப ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் வாய்தாவினால் லாபம் அடைகிறவர் எவரோ, அவருடைய சம்மதத்தையும் அல்லவா கேட்கச் சொல்கிறார்கள்? பூட்டின் சாவியைப் பூட்டியவரிடமே கொடுத்த கதைதான்.

ஜீவனாம்சத்துக்கு வருவோம். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டப்படி, சிவில் கோர்ட்டு சிப்பாயின் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது. இதைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துகிற உறவினர்கள் நிறைய இருக்கிறார்கள். அதே சட்டத்தில், மனைவி மக்களைக் காப்பாற்றாதவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்து அவர்களுக்குக் கொடுக்க வழி இருப்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. கோர்ட்டு தொடக் கூடாத சம்பளத்தை ராணுவ அதிகாரமே தொடலாம். தன் ஆளின் மனைவி பட்டினி கிடப்பது தனக்கு இழுக்கு என்று பட்டாளத்துக்குத் தெரிந்திருக்கிறது. நம் மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும்தான் தெரியவில்லை.

நாட்டுக்காகக் குடும்பத்தைப் பிரிந்திருப்பது தியாகம், சந்தேகமில்லை. அந்தத் தியாகத்தில் பாதி அவளுடையது. தனியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டவள், தனியாகக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள், 'போதும்' என்று சொல்கிறபோது அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒரு நாற்காலியில் ஒருவர் இருக்க வேண்டும். தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. காலத்தோடு வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.