கத்தி எழும் முன்னே தெரு எழ வேண்டும்!

 

நம் அடுகோடியில் காவலர்களுக்குக் குறைவில்லை. ஆயுதப் படைத் திடலே இங்குதான் இருக்கிறது. ஆனாலும், இரவு வேலைக்குப் போன மகன் திரும்பும்வரை தாய் வாசலிலேயே நிற்கிறாளே, ஏன்?

கத்திக்குத்து திடீரென்று நடந்துவிடுவதில்லை. கைமாற்றாக வாங்கிய ஐந்நூறு ரூபாய், பெண்பிள்ளையைக் கேலி செய்த ஒரு சொல், ஆட்டோ நிறுத்தத்தில் ஒரு வாய்த்தகராறு, இவைதாம் தொடக்கம். இரண்டு நாள் பையன்கள் கும்பல் சேர்கிறார்கள். மூன்றாம் நாள் ரத்தம்! அந்த இரண்டு நாளும் காவல் நிலையத்துக்குச் சேதி தெரியாது. தெருவுக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்குத் தெரியும். குழாயடியில் நிற்கும் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், "நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

பிறகு என்ன? ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறுகிறது. கர்நாடகத்தின் 1985-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டப்படி, வழக்கு விசாரணை இல்லாமலேயே ஒருவரை 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். பெயர் கெட்ட பையனுக்கு வேலை கொடுப்பவர் யார்? அவனைத் தேடி வருபவர்கள் கந்துவட்டிக்காரரும், மனை பேரக்காரரும், தேர்தல் நேரத்து அண்ணன்மாரும்தான். அவர்கள் பிள்ளைகள் கல்லூரியில். நம் பிள்ளைகள் பரப்பன அக்ரகாரச் சிறையில்!

தெரு கூடினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் பிவண்டியைப் பாருங்கள். மராட்டியத்தில் விசைத்தறித் தொழிலாளர் வாழும் ஊர் அது. 1970-லும் 1984-லும் மதக் கலவரத்தில் எரிந்த ஊர். 1988-இல் அங்கே பொறுப்பேற்ற காவல் துணை ஆணையர் சுரேஷ் கோப்டே, பேட்டைதோறும் இந்துக்களையும் முஸ்லிம்களையும் சேர்த்து மொகல்லா குழுக்களை அமைத்தார். சிறு பூசலையும் உடனே உட்கார்ந்து பேசினார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பக்கத்துப் பம்பாயில் ஏறத்தாழ 900 பேர் மாண்டபோது, பிவண்டி அமைதி காத்தது.

அமெரிக்காவிலும் இதே பாடம்தான். ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்களோடு போராடிய மருத்துவர் கேரி ஸ்லட்கின், வன்முறையும் நோய்போலத் தொற்றுகிறது என்று கண்டு 2000-இல் சிகாகோவில் வேலை தொடங்கினார். 2004 முதல் பழைய குண்டர்களில் திருந்தியவர்களையே சமாதானம் பேச அனுப்பினார். பழிவாங்கத் துடிப்பவன் அவர்கள் சொல்லைத்தானே கேட்பான்?

தோழர்களே! நாமும் தெருவுக்கு ஒரு குழு அமைப்போம். ஆனால் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, அது தமிழர் குழுவாக மட்டும் இருக்கக் கூடாது. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்நகரில் நம்மவர் தாக்கப்பட்டதை மறந்தோமா? கன்னட அண்ணனும் உருது பேசும் அம்மாவும் நம்மோடு உட்கார்ந்தால்தான், வதந்தி வரும் நாளில் தெரு நிற்கும்.

இரண்டாவது, அது காவல் துறையின் வாலாக இருக்கக் கூடாது. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர் அடியால் மாண்ட பிறகு, 'காவல் நண்பர்கள்' அமைப்பையே தமிழக அரசு தடை செய்ய நேர்ந்தது. ஒற்றன் என்று பெயர் வாங்கியவனிடம் எந்தப் பையன் மனம் திறப்பான்?

மூன்றாவது, அது கட்டைப் பஞ்சாயத்தாக மாறக் கூடாது. மனைவியை அடிப்பதையும் குழந்தையைச் சீரழிப்பதையும் பேசித் தீர்க்க நமக்கு உரிமை இல்லை. அங்கே சட்டமே வழி.

குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். திருந்தி வாழும் பழைய முரடரும் இருக்கட்டும். வாரம் ஒரு மாலை கூடுங்கள். பூசலைக் கேட்ட அன்றே இரு வீட்டுக்கும் நடந்து போங்கள். வேலையில்லாத பையனுக்கு வேலை தேடுங்கள்.

பிழைக்க வந்த ஊரில் பிள்ளையைப் பறிகொடுக்கவா வந்தோம்? இன்றிரவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!