வேலியோர வைஃபை

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் சிகாமட்டில் எங்கள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கை வேலியோரம் நாற்காலி போட்டு, எங்கள் வைஃபையில்தான் பாடம் படித்தாள். கடவுச்சொல்லைக் கொடுத்தவர் அம்மா. தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவருக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

தயங்கியவன் நான்தான். சான்றுச் சட்டத்தில் 2012-இல் நடைமுறைக்கு வந்த 114ஏ பிரிவின்படி, ஓர் இணைப்பிலிருந்து வெளியாகும் பதிவை அதன் சந்தாதாரரே வெளியிட்டதாகக் கருதுவார்கள். இல்லையென்றால் அவர்தாம் நிரூபிக்க வேண்டும். எவனோ எழுதும் அவதூறுக்கு அப்பா பதில் சொல்வதா?

ஸ்பெயினின் காத்தலோனியாவில் 2004-இல் தொடங்கிய 'குயிஃபி.நெட்'டைப் பாருங்கள். கூரைக்குக் கூரை ஆண்டெனா பொருத்தி, ஒரு வீட்டுக் கருவி அடுத்த வீட்டுத் தரவையும் கடத்தும்படி கிராமத்தார் தாங்களே வலையமைப்பைக் கட்டினார்கள். பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பில் பதிவேற்ற வேகம் மிகக் குறைவு. பகிர்ந்தால் இருவருக்குமே திண்டாட்டம். கண்ணாடியிழை வந்த தாமான்களில் அந்தச் சாக்கும் இல்லை. ரௌட்டரில் விருந்தினர் இணைப்பைத் தனியாகத் திறந்தால் நம் கணினிக்கும் பாதுகாப்பு.

மிச்சமிருப்பது அந்தச் சட்டப் பயம். நிரூபிக்கும் சுமையைச் சந்தாதாரர் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்று சட்டம் பயிலும் நம் மாணவர்களாவது கேட்கலாமே!