அரியலூர்: தீவின் கரையை சிமென்ட்டாக அரைத்தே தீர்க்கணுமா?

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சில கற்களைத் திருப்பிப் பார்த்தால், சுருள் சுருளாக ஒரு வடிவம் தெரியும். அம்மோனைட். கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினம். இதே இனத்தின் புதைபடிவம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைத்தால் சாளக்கிராமம். பூஜை அறையில் இடம். இங்கே கிடைத்தால்? பெரும்பாலும் லாரி ஏறி ஆலைக்குப் போகும்.

அது எந்தக் கடல்? சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்த இந்தியா, ஆசியாவில் வந்து முட்டும்வரை ஒரு பெரிய தீவு. அதன் கிழக்குக் கரையும் கரையோரக் கடலும்தான் இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதி. கல்லமேட்டில் கிடைத்த முதலைப் பல், மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் முதலையின் பல்லை ஒத்திருப்பதாக 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிரிந்தும் உறவு விட்டுப்போகவில்லை போல.

சரி, இதை மக்களுக்கு எப்படிக் காட்டுவது? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரம் அதே இடத்தில்தான் கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும்போது வருகிற பிரமிப்பு, கண்ணாடிப் பெட்டிக் கல்லிடம் வராது.

இன்ஸ்டலேஷன் கலை செய்வதும் இதைத்தான்: பொருளை இடத்தோடு சேர்த்து வைத்து, பார்ப்பவரை அதற்குள் நடக்க விடுவது. பேருதான் புதுசு. ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண்குதிரைகளை வரிசையாக நிறுத்தும் வேளார்களுக்கு இது பழகிய வேலை. தோண்டி முடித்த ஒரு சுரங்கத்தையாவது, புதைபடிவம் தெரியும் சுவரோடு விட்டுவைத்து, வேளார்களையும் சிற்பிகளையும் புவியியல் மாணவர்களையும் அங்கே ஒன்றாக இறக்கலாம். அரசும் ஆலைகளும் சீக்கிரம் முடிவெடுக்கணும். குழியில் தண்ணீர் ஏறிவிட்டால் சுவர் தெரியாது.