சோப்பும் கூச்சமும் ஒரு ட்யூப் ஆயின்மென்ட்டும்

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, பிறகு கடைக்காரர் பக்கம் குனிந்து "அந்த இடத்துல அரிப்புங்க, ஏதாவது ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்கும் ஆண்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். கடைக்காரரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. ஒரு ட்யூப் காகிதத்தில் சுற்றிக் கைமாறும். இரண்டு மூன்று நாளில் அரிப்பு நிற்கும். அடுத்த மாதம் திரும்ப வரும். திரும்பவும் அதே கடை, அதே ட்யூப்.

இந்தச் சமாச்சாரத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பாலனைட்டிஸ். ஆணுறுப்பின் மொட்டுப் பகுதி சிவந்து, எரிந்து, அரித்து, சிலருக்கு வெள்ளையாகப் படிந்து நாற்றத்தோடு நீர் கசியும். முன்தோலும் சேர்ந்து வீங்குவதுண்டு. அபூர்வ நோய் ஒன்றும் இல்லை. சிறுவர் முதல் கிழவர் வரை யாருக்கும் வரலாம். ஆனால் பல்வலியைப் பற்றி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கூடச் சொல்லும் மனிதர், இதைப் பெண்டாட்டியிடமும் சொல்லமாட்டார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். திரும்பத் திரும்ப வருவதற்கு முதல் காரணம் கிருமி அல்ல, இந்தக் கூச்சம்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கூச்சத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. அந்த இடத்தில் சிவந்தாலே 'தப்பான இடத்துக்குப் போய் வந்தவன்' என்று முத்திரை விழும் என்ற பயம். பால்வினை நோய்களாலும் இப்படி வரலாம் என்பது உண்மை. பாதுகாப்பில்லாத உறவு இருந்திருந்தால் அதற்கான பரிசோதனைகளைச் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது பல காரணங்களில் ஒன்று, அவ்வளவே. யாரையும் தொடாத ஹாஸ்டல் பையனுக்கும் இது வரும்.

எதனால் வரும்? பிரிட்டனில் 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி பாலனைட்டிஸ் வந்து அவதிப்பட்ட 43 ஆண்களைப் பரிசோதித்தது. அவர்களில் 31 பேருக்கு வந்திருந்தது தொற்றே அல்ல, தோல் எரிச்சல். இவர்கள் மற்றவர்களைவிட அதிகமுறை சோப்புப் போட்டுக் கழுவியவர்கள். சோப்பைக் குறைத்து, தோலுக்கு ஈரப்பதம் தரும் சாதாரண க்ரீம் பூசியதிலேயே 31-ல் 28 பேருக்குக் கட்டுப்பட்டுவிட்டது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அது சொல்லும் செய்தி பெரிது. 'சுத்தமில்லாததால் வந்தது' என்று நினைத்து டெட்டாலையும் ஷாம்புவையும் ஊற்றித் தேய்ப்பவர், எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுகிறார்.

மற்ற காரணங்களும் உண்டு. கேண்டிடா என்ற பூஞ்சை. பாக்டீரியா. ஆணுறை ரப்பரின் ஒவ்வாமை. சோரியாசிஸ் போன்ற தோல் நோய்கள். சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அதே இடத்தில் அதே வட்டமாகப் புண் வரும். சில ஆன்டிபயாடிக்குகளும் வலி மாத்திரைகளும் இப்படிச் செய்யும். அதற்கு ஆயின்மென்ட் பூசிப் பயனில்லை, மாத்திரையைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும். இத்தனையையும் கடைக்காரர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பார்க்காமலே எப்படிப் பிரித்தறிவார்?

அவர் கொடுக்கும் ட்யூபில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகள் கலந்திருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பை அடக்குவது பெரும்பாலும் இந்த ஸ்டீராய்டுதான். மேலே அடங்கினாலும் பூஞ்சை உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாகப் புண்ணாகும். தொடை இடுக்கில் வரும் படர்தாமரையின் கதையும் இதுவே. டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைகோஃபைட்டன் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்படத்தான் முடியவில்லை. இங்கே அது இவ்வளவு பரவியதற்கு இந்தக் கலவை க்ரீம்களும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2018-லேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. சட்டம் பட்டியலில் இருக்கிறது, ட்யூப் கவுன்டரில் இருக்கிறது.

ஸ்டீராய்டே விஷம் என்பதல்ல வாதம். லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற நோயில் தோல் வெளுத்துத் தடித்து, முன்தோல் இறுகிக்கொண்டே போகும். அதற்கு வீரியமான ஸ்டீராய்டைத்தான் டாக்டரே எழுதுவார். பார்த்துவிட்டு எழுதுவதற்கும் பார்க்காமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயம்.

இதில் முக்கியமான கணக்கு சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்களும் நிறைய. அடிக்கடி வரும் பூஞ்சை பாலனைட்டிஸ், சிலருக்குச் சர்க்கரை நோய் கொடுக்கும் முதல் அறிகுறி. அதை ஆயின்மென்ட் பூசி மறைப்பவர், வீட்டில் அலாரம் அடிக்கும்போது அலாரத்தின் ஒயரைப் பிடுங்குகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையை இலவசமாகவே பார்க்கிறார்கள்.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் அதிகப்படி சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள். ஆனால் இனிப்பான சிறுநீர் முன்தோலுக்குள் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 2020-ல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து விலை இறங்கியபின் இதைச் சாப்பிடுவோர் பெருகிவிட்டார்கள். "சிறுநீர் போனதும் தண்ணீரில் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்க, அரிப்பு வந்தா சொல்லுங்க" என்று சீட்டு எழுதும்போதே டாக்டர் ஒரு வரி சொன்னால் போதும். சொல்லாவிட்டால் நோயாளி கடைக்காரரிடம் போவார், அல்லது பயந்து மாத்திரையைத் தானே நிறுத்திவிடுவார். இரண்டாவது இன்னும் ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை:

1. தினம் ஒருமுறை முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னுக்கு வராத தோலை பலவந்தமாக இழுக்கக் கூடாது.

2. அந்த இடத்தில் சோப்பு, டெட்டால், பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம்.

3. தளர்வான பருத்தி ஜட்டி. ஹாஸ்டல் பக்கெட்டில் துவைப்பவர்கள் சோப்புத்தூள் போகும்வரை இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசலாம். ஈர ஜட்டியைப் போட்டுக்கொண்டு கிளாஸுக்கு ஓடக் கூடாது.

4. மிளகாய் கிள்ளிய கை, பெயின்ட் தொட்ட கை என்றால் சிறுநீர் கழிப்பதற்கு முன்பே கழுவிக்கொள்வது நல்லது.

5. பூஞ்சைத் தொற்று என்று டாக்டர் சொன்னால், அரிப்பு உள்ள துணைக்கும் சேர்த்து வைத்தியம் தேவைப்படும். எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு வாரத்தில் சரியாகவில்லை, அல்லது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு இருந்தால் தள்ளிப்போடவே கூடாது, ஆணுறுப்புப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும். பின்னுக்குப் போன தோல் திரும்ப வராமல் வீங்கினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சலோடு கடும் வலி இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல் இறுகி அடிக்கடி தொந்தரவு தந்தால் முன்தோல் நீக்கம் பற்றி டாக்டர் பேசக்கூடும். அது மதச் சடங்கு அல்ல, வைத்தியம்.

எல்லாப் பழியையும் ஆண்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. அரசு மருத்துவமனைகளில் 'பால்வினை நோய்ப் பிரிவு' என்ற போர்டுக்குக் கீழே வரிசையில் நிற்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? மறுபக்கம், சுவரெல்லாம் 'ஆண்களின் அந்தரங்கப் பிரச்சனைக்கு' என்று லாட்ஜ் வைத்தியர்களின் போஸ்டர். கூச்சப்படுபவன் அங்கேதான் போய் விழுவான். கல்லூரிகளில் ரத்ததான முகாம், கண் முகாம் எல்லாம் நடக்கின்றன. ஒரு தோல் மருத்துவரை அழைத்து, பெயர் எழுதாத சீட்டில் கேள்விகளை வாங்கி, அரை மணி நேரம் பதில் சொல்லச் சொன்னால் செலவு ஒன்றும் ஆகாது. முதல் ஐந்து நிமிடம் பையன்கள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளைக் கேட்டால், எத்தனை பேர் அந்த ட்யூபை பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.